கோப்பைக்கு முன்னால் குழியைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் தீவுகளுக்கு ஒயின் சுற்றுலா போவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன, சரி. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கோப்பையும் கடலும் அந்திவானமும்தான், திராட்சைக் கொடியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நானும் என் கணவரும் இரண்டு வருடத்துக்கு முன்னால் பாந்தெல்லெரியா தீவுக்குப் போயிருந்தோம். இத்தாலிக்குச் சொந்தமான தீவு, ஆனால் சிசிலியைவிடத் துனிசியாதான் அதற்குப் பக்கம். எரிமலை கக்கிய கருங்கல் பூமி, எந்நேரமும் காற்று. அங்கே ஒரு குடும்பம் நடத்தும் சின்ன ஒயின் கூடத்துக்குப் போய், தோட்டம் எங்கே என்று கேட்டோம். நீங்கள் நிற்பதே தோட்டத்தில்தான் என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. பந்தல் இல்லை, கம்பி இல்லை, ஒவ்வொரு கொடிக்கும் ஒரு சாண் ஆழத்தில் ஒரு குழி, அதற்குள் முழங்கால் உயரம்கூட இல்லாத முறுக்கேறிய அடிமரம், அதிலிருந்து நாலைந்து கிளைகள் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. காற்று தலைக்கு மேலே போய்விடும், பெய்கிற கொஞ்ச மழையும் இரவுப் பனியும் குழியில் தங்கும். அவர் தோட்டத்தில் பாசனமே கிடையாது. அடுக்கடுக்கான குறுகிய மேடைகள், அவற்றைத் தாங்கி நிற்பவை சிமெண்டோ சுண்ணாம்போ இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். இயந்திரம் உள்ளே வர வழியே இல்லை, குழி வெட்டுவதிலிருந்து குலை அறுப்பது வரை எல்லாம் கைவேலை, அதுவும் இடுப்பு ஒடியக் குனிந்து. இந்தச் சாகுபடி முறையைத்தான் 2014இல் யுனெஸ்கோ மனித குலத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

திராட்சையின் பெயர் ஸிபிப்போ. உலர்திராட்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, பொருத்தமான பெயர்தான், ஏனென்றால் 'பஸ்ஸீத்தோ' என்ற அவர்களுடைய இனிப்பு ஒயினுக்கு ஆகஸ்டில் அறுத்த குலைகளை வாரக்கணக்கில் வெயிலில் காயப்போடுகிறார்கள். அப்புறம் செப்டம்பரில் அறுத்த பழத்தின் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது, காய்ந்த பழத்தை அதில் சேர்க்கிறார்கள். காம்பு கலந்தால் கசக்கும் என்பதால் முதலில் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். வாசலில் ஒரு அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தார். விரல்களெல்லாம் பழுப்பேறி, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கும் ஒரு பிடி கொடுத்தார், கால் மணி நேரத்தில் என் கழுத்து வலி கண்டுவிட்டது, அவர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் ஒயினைக் கொடுத்தார்கள். தேன் நிறம், முதலில் ஆரஞ்சுத் தோலின் வாசம், அப்புறம் காய்ந்த ஆப்ரிகாட், கடைசியில் நாக்கில் லேசாக ஒரு உப்பு. அரை லிட்டர் பாட்டில் 35 யூரோ. உள்ளே வரும்போது விலைப்பலகையைப் பார்த்து அதிகம் என்று நினைத்தவள்தான் நான், அந்த விரல்களைப் பார்த்த பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் இருக்கும்போதே ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். இருபது நிமிடத்தில் ருசி பார்த்தாயிற்று, இரண்டு பேர் படம் எடுப்பதற்காகக் கற்சுவர்மேல் ஏறி நின்றார்கள், ஒரு கல் சரிந்து கீழே விழுந்தது. அவர்கள் போன பிறகு பெரியவர் எதுவும் சொல்லாமல் அந்தக் கல்லை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அது உட்கார்ந்திருந்த அதே இடத்தில் வைத்தார். எனக்கு இன்னமும் அந்தக் காட்சி மறக்கவில்லை. கைவிட்ட மேடைகள் தீவில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, சுவர்கள் சரிந்து, புதர் மண்டி. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், யார் அடுக்குவது?

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு இடத்தைப் பற்றி எழுதும்போது ருசி பார்க்கும் மேசையோடு நிறுத்தாமல் தோட்டத்துக்குள்ளும் நடந்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். போக நினைக்கும் வாசகர்களுக்கும் ஒன்று: ஆகஸ்ட் கடைசியில் போனால் பழம் காய்வதைப் பார்க்கலாம். சிசிலியில் உள்ள டிராபானி துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கிறது, ஆனால் காற்று பலமானால் நின்றுவிடும், கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி