பால் உற்பத்தியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அச்சடித்து உங்கள் கையில் இருக்கின்றன. பால் பணப் பட்டுவாடா தடையில்லாமல் நடந்தது. அதனால் பாலின் தரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

“நேற்று இருந்த கொழுப்பு இன்றைக்கு எங்கே போச்சு?” என்ற கேள்வி சங்கத்தில் தினமும் எழுவதுதான். கேனைக் கலக்காமல் மேலாக மொண்டால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். அடியில் எடுத்தால் குறையும். எனவே நன்றாகக் கலக்கிய பிறகே, பால் ஊற்றுபவர் கண்ணெதிரிலேயே மாதிரி எடுக்கிறோம். கொழுப்பை அளக்கும் இயந்திரத்தின் மேல் சந்தேகம் என்றால் கெர்பர் முறை இருக்கிறது. கந்தக அமிலம் 10 மில்லி, பால் 10.75 மில்லி, அமைல் ஆல்கஹால் 1 மில்லி சேர்த்துச் சுழற்றினால், குழாயின் கழுத்தில் கொழுப்பு மஞ்சளாகத் திரண்டு நிற்கும். அளவை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். பெரும்பாலான தகராறு அங்கேயே தீர்ந்துவிட்டது.

பாலின் அடர்த்தியைக் காட்டும் லேக்டோமீட்டரை மட்டும் நம்ப முடியாது. தண்ணீர் கலந்துவிட்டுச் சர்க்கரையோ உப்போ போட்டால் அது ஏமாந்துபோகும். மாவு கலந்திருந்தால் அயோடின் காட்டிக்கொடுக்கும்; காய்ச்சி ஆறவைத்த பாலில் சில சொட்டு விட்டால் நீலமாகிவிடும். இதெல்லாம் நமக்குப் பழகிய சோதனைகள்.

பழகாத ஒன்றுதான் எனக்குக் கவலை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. கலப்படத்தால் ஆபத்தானவை வெறும் 12. ஆனால் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு வரம்பை மீறியவை 368. நம் தமிழ்நாட்டில் 551 மாதிரிகளில் 88. எண்ணிக்கையில் நாட்டிலேயே இதுதான் அதிகம். கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்பதே வரம்பு. பாலைக் காய்ச்சினாலும் இந்த நச்சு போகாது.

இது யாரும் பாலில் கலப்பது இல்லை. தீவனத்தின் வழியாக வருவது. ஐப்பசி அடைமழையில் சில கட்டுத்தறிகளைப் போய்ப் பார்த்தோம். ஓரிடத்தில் கடலைப் புண்ணாக்கு மூட்டை மண்சுவரை ஒட்டி, வெறுந்தரையில் கிடந்தது. பிரித்தால் சுவர்ப் பக்கம் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம். “அந்தப் பக்கத்தை உதிர்த்துவிட்டு மீதியைப் போடலாமா?” என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம் என்றோம். கண்ணுக்குத் தெரிகிற பூசணத்தைத் தட்டிவிட்டாலும் நச்சு மூட்டைக்குள் தங்கியிருக்கும். பணம் போட்டு வாங்கிய புண்ணாக்கைக் கொட்டச் சொல்வது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். மக்காச்சோளத்தை நன்றாகக் காயவைத்தே சேமியுங்கள். கெட்ட தீவனத்தை நிறுத்திவிட்டால் சில நாட்களிலேயே பாலில் நச்சு குறைந்துவிடும்.

அடுத்தது மடிநோய் ஊசி. உள்ளூர் விற்பனையில் பால் வாங்கும் ஒரு வீட்டில் உறை ஊற்றிய பால் மறுநாளும் தயிராகவில்லை என்றார்கள். பாலில் மருந்து தங்கியிருந்தால் தயிர்க் கிருமி வளராது. ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை சங்கத்தில் ஊற்றக் கூடாது. ஒரே மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த நாட்களில் வருமானமே கிடையாது. அதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே பேரவை முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். பூஞ்சை நச்சையும் மருந்து எச்சத்தையும் கண்டறியும் சோதனைப் பட்டைகளைச் சங்கச் செலவில் வாங்க வேண்டும். ஊசி போட்ட மாட்டின் பாலை நிறுத்தி வைப்பவருக்கு, மருத்துவர் சீட்டைக் காட்டினால், அந்த நாட்களுக்குப் பாதித் தொகையாவது சங்க லாபத்திலிருந்து தர வேண்டும். இரண்டாவதற்குத் துணைவிதியில் திருத்தம் தேவைப்படலாம். அதையும் சேர்த்தே விவாதித்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்