அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக் கொடுங்கள்: மன்ற நிர்வாகக் குழுவிற்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு அல்சூரில் உள்ள நம் மன்றத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மன்றத்தின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 4 எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் பழுதுபார்க்கப் போனதும், புது ஹார்ட் டிஸ்க்குடன் திரும்பி வந்ததும் தாங்கள் அறிந்ததே. விசிறியின் இரைச்சல் நின்றுவிட்டது, அதற்கு நன்றி. அந்த இரைச்சலோடு சேர்ந்து வேறு என்ன போயிற்று என்பதைச் செயலாளர் அவர்களிடம் இரண்டு முறை நேரிலும் ஒரு முறை எழுத்திலும் சொல்லியாயிற்று. பதில் இல்லாததால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: கடைக்காரர் கழற்றி வைத்துக்கொண்ட பழைய டிஸ்க்கை, அவர் அதை அழித்து வேறொருவருக்கு விற்றுவிடும் முன், திரும்ப வாங்கிக் கொடுங்கள்.

"கேம்தானே, முதலிலிருந்து ஆடினால் போயிற்று" என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் கேரம் போர்டை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். காய்களைக் கலைத்து அடுக்கினால் கேரம் புதிதாகத் தொடங்கிவிடும். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது 'மாஸ் எஃபெக்ட்'. 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்து, 2021-இல் ஒரே தொகுப்பாக மீண்டும் வெளியான ஆட்டம் அது. துப்பாக்கிச் சூடு அதில் பாதிதான். ஆட்டத்தின் நாயகரான கமாண்டர் ஷெப்பர்டாக நாம் முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினோம், இரண்டாம் பாகத்தில் யாருடைய நம்பிக்கையைப் பெற்றோம் என்பதையெல்லாம் சேமிப்புக் கோப்பு நினைவில் வைத்திருந்து, மூன்றாம் பாகத்திடம் ஒப்படைக்கிறது. ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்கள் பூமியைத் தாக்கும் அந்தக் கடைசிப் பாகத்தில் எந்த இனம் நமக்கு உதவிக்கு வரும், யார் உயிரோடு எதிரே வந்து நிற்பார் என்பதில் பெரும்பங்கு அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. எங்கள் கோப்பு இருப்பது அந்தப் பழைய டிஸ்க்கில்.

மன்றம் மூடும் முன், சிறுவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சனி ஞாயிறுகளில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நானும் நூலகப் பகுதியில் நாளிதழ் படிக்க வரும் பெரியவரும் ஒன்பது மாதங்களாக ஆடினோம். பெரியவரைத் தங்கள் அனைவருக்கும் தெரியும். எழுபதை நெருங்கும் அவருக்கு விரல் மூட்டுகள் மடங்குவதில்லை என்பதால் சுடுவது என் வேலை. யாரிடம் என்ன பேசுவது, எதை முடிவு செய்வது என்பது அவர் வேலை. எழுத்துகளை அவர் மெதுவாகப் படித்து முடிக்கும்வரை ஆட்டமும் காத்திருக்கும், நானும் காத்திருப்பேன். ஒவ்வொரு முடிவையும் அவர் ஒரு நீள நோட்டில் வரவுசெலவுக் கணக்கு எழுதுவதைப்போல இடப்பக்கம் தேதியும் வலப்பக்கம் செய்தியுமாக எழுதி வந்தார். வர்மையர் என்ற கோளில் ஷெப்பர்டின் தோழர்கள் ஆஷ்லி, கைடன் இருவரில் ஒருவரைத்தான் மீட்க முடியும் என்ற கட்டம் வந்தபோது, "இன்றைக்கு வேண்டாம்" என்று எழுந்து போனவர், அடுத்த சனிக்கிழமைதான் வந்து ஆஷ்லியை மீட்கச் சொன்னார். இழந்தவரைப் பற்றிய அன்றைய பதிவு இது: "கைடன். இரவு 10.40. வேறு வழி தெரியவில்லை." அதே கோளில் துப்பாக்கியை நீட்டி நின்ற, க்ரோகன் என்ற வேற்றுக்கோள் இனத்து வீரன் ரெக்ஸைச் சுடாமல் பேசியே சமாதானப்படுத்தினார். அவனுடைய குலத்துக் கவசத்தை அதற்கு முன்பே தேடிக் கொடுத்திருந்தது அன்று கைகொடுத்தது. இரண்டாம் பாகத்தின் முடிவில், போனவர் திரும்புவது அரிது என்று சொல்லப்பட்ட தாக்குதலிலிருந்து குழுவில் ஒருவரையும் இழக்காமல் வந்தோம். மறுநாள் வாசகசாலைக்கு வந்த எல்லோருக்கும் அவர் மசால் வடை வாங்கிக் கொடுத்தார். காரணம் கேட்காமல் சாப்பிட்டவர்களில் குழு உறுப்பினர்கள் மூவரும் உண்டு.

மூன்றாம் பாகத்தைத் தொடங்க வேண்டிய வாரத்தில்தான் கருவி கடைக்குப் போனது.

முந்தைய கோப்பு எதுவும் இல்லாமல் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று குழுவினர் கேட்கலாம். ஆட்டம் தானாகவே ஒரு கடந்த காலத்தை எழுதிக்கொள்ளும். அதில் ரெக்ஸ் என்றோ இறந்துவிட்டான். அவன் இடத்தில் ரீவ் என்ற முரடன் உட்கார்ந்திருப்பான். நாங்கள் எழுப்பித் தோழனாக்கிக்கொண்ட லீஜியன் என்ற இயந்திரன் எழுப்பப்படவே இல்லை. அதனால் கெத் இயந்திரங்களுக்கும் அவற்றைப் படைத்த குவாரியன்களுக்கும் இடையே சமாதானம் செய்துவைக்கும் வழியும் அடைபட்டுவிடும். இரண்டில் ஓர் இனம் அழிவதைப் பார்த்தே தீர வேண்டும். சில பெரிய கேள்விகளை மட்டும் கேட்டுக் கடந்த காலத்தை நிரப்பிக்கொள்ளும் படக்கதை ஒன்று தொகுப்பில் இருக்கிறது. ஆனால் பெரியவரின் நோட்டில் இருப்பவை இருநூற்றுக்கும் மேற்பட்ட வரிகள். அந்த நோட்டை அவர் சென்ற வாரம் கொண்டுவந்து, "இதைப் பார்த்து அதில் ஏற்ற முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டிய பொறுப்பைத் தாங்கள் யாரும் ஏற்கவில்லை, நான்தான் சொன்னேன்.

கருவி பழுதாவது யார் குற்றமும் அன்று. கடைக்கு அனுப்பும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முப்பது ரூபாய் டீக்கு ஆகும் நேரத்தில் சேமிப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்திருப்பேன். இணையத்தில் சேமித்துவைக்கும் சந்தாவை நானே கட்டுகிறேன் என்று சொன்னபோது, "தனிநபர் சந்தா மன்ற விதிகளில் இல்லை" என்று மறுத்தவர்களும் தாங்களே. வாசலில் செருப்பை வரிசையாக விடச் சொல்லி மும்மொழியில் அறிவிப்பு ஒட்டும் மன்றம் இது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கு மூன்று நாள் முன்னறிவிப்பு உண்டு. தினசரிகளை எடைக்குப் போடுவதற்குக்கூடத் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். இருவரின் ஒன்பது மாதத்தை எடைக்குப் போட மட்டும் ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானதாக இருந்திருக்கிறது.

2012 மார்ச்சில் இந்த மூன்றாம் பாகம் வெளியானபோது, அதன் முடிவு பிடிக்காத ஆட்டக்காரர்கள் அதை உருவாக்கிய, கனடாவில் இருந்த பயோவேர் நிறுவனத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களில் சுமார் நானூறு கப்கேக்குகளை அனுப்பினார்கள். நிறம் எதுவானாலும் சுவை ஒன்றே. எதைத் தேர்ந்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்கிறது என்பது அதன் பொருள். அந்த ஜூன் மாதமே நிறுவனம் முடிவை விரித்து எழுதி இலவசமாக வெளியிட்டது. கடல் கடந்த நிறுவனத்திடமிருந்து மூன்றே மாதத்தில் பதில் வந்திருக்கிறது. நம் குழுவுக்கும் மூன்று நிறத்தில் கேசரி கிளறி அனுப்பலாமா என்று யோசித்தேன். காரணம் கேட்காமல் சாப்பிட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் கைவிட்டேன்.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். வேண்டுகோளுக்கே திரும்புகிறேன். பழைய டிஸ்க்கைக் கணினியில் மாட்டிப் பயனில்லை. அதே கருவியில் திரும்பப் பொருத்தினால்தான் அதில் உள்ளது திறக்கும். எனவே டிஸ்க்கும் கருவியும் ஒரு பிற்பகல் என்னிடம் இருந்தால் போதும். சேமிப்பை நகலெடுத்த பிறகு புது டிஸ்க்கை நானே மாட்டித் தருகிறேன். கடைக்காரர் பழைய டிஸ்க்குக்கு விலை கேட்டால் நான் கொடுக்கிறேன். ஆட்டோ வாடகையும் என்னுடையது. கடையின் பெயரும் ரசீது எண்ணும் செயலாளர் அவர்களின் கோப்பில் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றை மட்டுமாவது இந்த வியாழக்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள். வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போது வாசலில் இருப்பேன். பெரியவரும் நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத உறுப்பினர் ஒருவன்