மூன்று வாட்டர் பாத்தும் ஒரு ஃபிலிமும்

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போட்டு எட்டு மாதம் ஆகிறது. திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் தவிர.

நம் பழைய லேபைக் காலி செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை மூன்று வாட்டர் பாத்தும் எடைக்கு எடை காயலான் கடைக்குப் போய்விட்டன. 94, 55, 72 டிகிரி! டி.என்.ஏ.-வைச் சூடாக்கி ஆறவைத்துப் பிரதி மேல் பிரதி எடுக்கும் பி.சி.ஆர். மெஷின் வாங்கக் காசில்லாமல், ஸ்டாப்வாட்சும் கையுமாக டியூப்களைத் தொட்டிக்குத் தொட்டி மாற்றிக்கொண்டு முப்பது சுற்று நின்றோமே. இருபத்து மூன்றாவது சுற்றில் நீ டீ குடிக்கப் போனதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பெரியவரிடம் மட்டும் சொன்னேன்.

நம் பாடாவது பரவாயில்லை. 1983-ல் கேரி முல்லிஸ் இந்த யோசனையைப் பிடித்த புதிதில், சுற்றுக்குச் சுற்று சூட்டில் பிரதி எடுக்கும் என்சைம் செத்துப்போகும்; மறுபடி மறுபடி ஊற்ற வேண்டும். அப்புறம்தான் சூட்டைத் தாங்கும் டேக் என்சைம் வந்தது, ஒரு பாக்டீரியாவிலிருந்து. 1966-ல் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் அவர் மாணவரும் அந்த பாக்டீரியாவைப் பிடித்தபோது, இவ்வளவு சூட்டில் எதுதான் பிழைக்கிறது என்று பார்க்கத்தான் போயிருந்தார்கள்!

இப்போது என் மாணவி ஸ்டேப்ளர் அளவில் ஒன்றை லேப்டாப்பில் செருகுகிறாள். டி.என்.ஏ. இழை நுண்ணிய துளை வழியே நுழையும்போது மின்னோட்டம் ஏறி இறங்குவதை வைத்தே அதன் ஏ, சி, ஜி, டி எழுத்துகளைச் சொல்லிவிடுகிறது. 2015-ல் கினியாவுக்கு இதைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போய் அங்கேயே எபோலா வைரஸைப் படித்தார்கள். நாம் ராத்திரி முழுக்க ஜெல் ஓட்டி, ஃபிலிம் கழுவி, 300 எழுத்து தேறினால் தீபாவளி.

பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் நடந்ததைக் கேள். ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது, புரதமே பாதியில் அறுந்துபோகிறது, புதிய பிறழ்வு என்று அவள் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டாள். எந்த இடம் என்றேன். ஏழு 'ஏ' வரிசையாக வரும் இடம். ஒரே எழுத்து நீளமாக ஓடினால் மின்னோட்டம் மாறாமல் நிற்கும், எத்தனை என்று எண்ணுவதில் கருவி தடுமாறும். மூல சிக்னலைக் காட்டு என்றேன். அதைத் திறந்தே பார்த்ததில்லையாம். நாம் ஜெல் ஓட்டிப் படித்தோமே, அந்தப் பழைய சாங்கர் முறையில் அதே இடத்தை மறுபடி படித்தோம். ஏழும் பத்திரமாக இருந்தன.

அவளைத் திட்ட மனம் வரவில்லை. திறந்து பார் என்று இரண்டு வருடத்தில் நான் ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே. அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, முரளி. இதற்கு முன் கட்டுரையாக அனுப்பியவற்றின் மூல சிக்னலை எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கிறேன்.

சரி, அலமாரியைக் காலி செய்தபோது நம் ஃபிலிம் ஒன்று அகப்பட்டது, மூலையில் உன் கிறுக்கலோடு. ஜன்னலில் ஒட்டி, கீழிருந்து மேலே விரல் வைத்துப் படித்தேன். ஜி-யும் சி-யும் நெருங்கிப் பட்டைகள் ஒட்டிக்கொண்ட இடத்தில் நாம் இரண்டு நாள் பேசாமல் இருந்தோமே, அதுதான். இப்போதும் எனக்கு 'சி' என்றுதான் தெரிகிறது. பொங்கலுக்கு வரும்போது கண்ணாடி எடுத்து வா.

உன்,
கணேசன்