அந்த அலகு உடைந்ததல்ல

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தில் இருப்பது நத்தைகுத்தி நாரை. அலகுக்கு நடுவே சந்து தெரிகிறதே, அடிபட்டதா என்று கேட்டிருந்தாய். அடியெல்லாம் இல்லை, வளர்ந்த பறவைக்கு அப்படித்தான் இருக்கும். குஞ்சின் அலகு நேராக இருக்கும். வளர வளரத்தான் சந்து விழும். அதனாலேயே இளம்பறவையை வேறு இனம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்தச் சந்தில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டி போல நொறுக்கும் என்று பலரும் சொல்வார்கள். நம்பாதே. நத்தையைத் தண்ணீருக்குள்ளேயே மேல் அலகால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கீழ் அலகின் நுனி கொஞ்சம் வலப்பக்கம் கோணியிருக்கும். அதை நத்தையின் மூடிக்குள் செருகி, சதை ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து, உள்ளே இருப்பதை உருவிவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். பொங்கலுக்கு வரும்போது ஊசுட்டேரிக் கரையில் கவினை ஓடு பொறுக்கச் சொல். மூடி இல்லாமல் காலியாக, ஆனால் முழுசாக இருந்தால் அது நாரை தின்றதாக இருக்கலாம்.

மஞ்சள் மூக்கு நாரையின் வேலையே வேறு. அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறி மீனைக் கிளப்பும். கண்ணால் தேடுவதில்லை, மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் உள்ள இதன் உறவுக்கார நாரையில் அளந்திருக்கிறார்கள்: மூட ஆகும் நேரம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே தண்ணீர் கலங்கியிருந்தாலும் கவலையில்லை, ஆழமாக இருந்தால்தான் சிக்கல். மழை நன்றாகப் பெய்து ஏரி தளும்பினால் நடுவில் வாத்தும் நாமக்கோழியும்தான் தெரியும். நாரை வேண்டுமென்றால் ஓரத்துச் சேற்றிலும் பாகூர் பக்க வயல்களிலும் பார்க்க வேண்டும்.

பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், நாரை நீட்டிக்கொள்ளும். ஆனால் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும்கூட நீட்டித்தான் பறக்கும், அதனால் அலகையும் பார்த்துவிட்டு முடிவு செய். சாம்பல் நாரை என்று புத்தகத்தில் போட்டிருப்பது கொக்கு வகை, அதில் ஏமாறாதே.

வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். கூட்டில் ஜோடி சேரும்போது அலகைத் தட்டிக் கடகடவென்று சத்தம் கொடுக்கும், அவ்வளவுதான். கால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால் நோய் என்று பயப்படாதே. வெயிலில் தன் எச்சத்தைத் தானே காலில் விட்டுக்கொள்ளும். அந்த ஈரம் உலரும்போது ரத்தம் குளிரும். அதனால்தான், அடையாளம் காண வெப்ப நாட்டு நாரைகளுக்குக் காலில் வளையம் மாட்டினால் எச்சம் உள்ளே இறுகிக் காலையே கெடுத்துவிடலாம்.

விடிந்ததும் கிளம்பினால் மேய்வதைப் பார்க்கலாம். வெயில் ஏறி அனல்காற்று எழும்பிய பிறகு வட்டமடித்து மேலே போய்விடும். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம்) போதும், இன்னும் பெரிதாகக் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். வெயில் முதுகில் படும்படி நில். எங்காவது கூடு கண்டால் மரத்தடிக்குப் போகக் கூடாது. தாய் எழும்பிப் பறந்தால் காக்கை முட்டையைத் தூக்கிவிடும், நிழல் போச்சென்றால் குஞ்சு வெயிலில் வதங்கும். கவினுக்குப் பளீரென்ற சட்டை வேண்டாம், மண் நிறத்தில் ஏதாவது எடுத்து வா.

அன்புடன்,
அப்பா
புதுச்சேரி