கரிச் சட்டியை வெளியே வையுங்கள் என்று சொன்னால் மட்டும் போதுமா?

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், மலையில் உள்ள நகராட்சி, ஊராட்சி நிர்வாகங்களுக்கும் வணக்கம். குளிர் காயத் தணல் போட்டு வைக்கும் கரிச் சட்டியோடு வீட்டுக்குள் தூங்காதீர்கள் என்று பனிக்காலத்தில் எச்சரிக்கிறீர்கள். அது மட்டும் போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால் எங்களுக்கு அடிவயிற்றில் ஒரு பயம் வந்துவிடும். மேகம் இல்லாத இரவுதான் உறைபனி கொட்டும் இரவு. மறுநாள் விடியும்போது ஊட்டிப் பக்கத்துக் காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல்வெளி வெள்ளை விரித்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்திவிட்டு அந்தப் பனியைக் கையில் அள்ளிப் படம் எடுப்பார்கள். அது அவர்களுக்குச் சந்தோஷம், இருக்கட்டும். அந்த நேரத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில், பக்கத்து வீட்டுப் பாட்டி எழுந்துவிட்டாரா என்று நாங்கள் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அம்மா சாயங்காலம் வாசலில் மிலாரையும் (தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட குச்சி) சீகை மர விறகையும் எரித்துத் தணலாக்குவார். புகை அடங்கியதும் தணலை இரும்புச் சட்டியில் அள்ளி அறைக்குள் கொண்டுவந்து வைப்பார். ஜன்னல் இடுக்கில் சாக்கு, கதவுக்கு அடியில் பழைய சேலை. ஆறு பேரும் சட்டியைச் சுற்றிப் படுத்துக்கொள்வோம். ஒரு நாள் நடு இரவில் தங்கை வாந்தி எடுத்தாள். தலை வெடிக்கிறது என்று அழுதாள். அம்மாவுக்கும் தலை சுற்றியது, எழுந்தால் கால் நிற்கவில்லை. பாட்டிதான் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்தது. ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம். சட்டிதான் காரணம் என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

தங்கை அன்று வாந்தி எடுத்ததால் நாங்கள் பிழைத்தோம். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் விழித்துக்கொள்வதில்லை. பனிக்காலம் வந்தால் மலையில் எங்காவது இப்படி ஒரு சாவுச் செய்தி வருகிறது.

புகைதான் ஆபத்து, தணல் ஆபத்தில்லை என்று எங்கள் மக்கள் நம்புகிறார்கள். புகை அடங்கிய பிறகுதானே உள்ளே கொண்டுவருகிறோம் என்பார்கள். ஆனால் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார்.

பனிக்காலத்தில் எச்சரிக்கை அறிவிப்பு வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரியை வெளியே வைத்துவிட்டு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பது? உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகினால் பறிக்க இலை இருக்காது. இலை இல்லாவிட்டால் கூலி இல்லை. எந்த மாதத்தில் கம்பளி வாங்க வேண்டுமோ அதே மாதத்தில்தான் வீட்டில் காசு இருக்காது. ஹீட்டர் போட்டால் கரண்டு பில் கட்ட முடியாது. கவாத்து வெட்டிய மிலார் மட்டும்தான் கைக்கு எட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் பங்களாவைவிட ஓடையோரத்துக் காலனியில்தான் உறைபனி கடுமை. ஊட்டியில் இத்தனை டிகிரி என்று செய்தியில் சொல்லும் கணக்கு பள்ளத்து வீட்டுக்குப் பொருந்தாது. உதவி கொடுக்கும்போது வட்டம் வாரியாகக் கொடுக்காதீர்கள், பள்ளம் மேடு பார்த்துக் கொடுங்கள். எந்தப் பள்ளத்தில் பனி விழும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தோட்டத் தொழிலாளிக்குக் கம்பளி கொடுப்பது தர்மக் காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் எனச் சொன்னது. சட்டம் எழுதியவர்கள் அப்போதே கம்பளியை நினைத்திருக்கிறார்கள். ஜனவரியில் மேடை போட்டுக் கொடுக்கும் கம்பளி எங்களுக்குத் தாமதம். அதை நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் சுகாதாரத் துறைக்கு என் முக்கியமான வேண்டுகோள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை உள்ளவர்களின் வீட்டுக்கே ஆள் வந்து மாத்திரை தருகிறார்கள். அந்த அக்காக்களுக்கு எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் ஆஸ்துமா என்பதெல்லாம் தெரியும். நவம்பரில் அவர்கள் வரும்போது இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று, இரவில் என்ன வைத்துக் குளிர் காய்கிறீர்கள் என்று கேட்கட்டும். ஜன்னலைப் பார்க்கட்டும். சாக்கு அடைத்திருந்தால் காற்று போக வழி விடச் சொல்லட்டும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கரியோடு தூங்கக் கூடாது. படுக்கும் முன் சட்டி வெளியே போய்விட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லட்டும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும், மாரடைப்பும் பக்கவாதமும் கூடும். அதனால் இந்த மாதங்களில் மாத்திரை ஒரு நாளும் தட்டக் கூடாது என்பதையும் அவர்களே சொன்னால் எங்கள் பெரியவர்கள் கேட்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. ரத்தம் கார்பன் மோனாக்சைடால் நிறைந்திருந்தாலும் 98 என்று காட்டக்கூடும். காலையில் தலைவலி, வாந்தி என்று ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் முதல் கேள்வி "ராத்திரி கரி வைத்தீர்களா?" என்பதாக இருக்க வேண்டும். ஆம் என்றால் உடனே ஆக்சிஜன் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாமல், அஜீரண மாத்திரையோடு அதே அறைக்குத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வருகிறவர்களை மறந்துவிடாதீர்கள். கதவு வைக்காத கட்டடத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உள்ளே கரி மூட்டுகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை, இந்தியிலும் ஒட்டுங்கள். சுற்றுலா வண்டி ஓட்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். விடுதிகளில் ஓட்டுநருக்குத் தங்குமிடம் வேண்டும் என்று 2023இல் அரசு விதி கொண்டுவந்தது. பனிக்காலத்தில் ஒரு இரவு வாகன நிறுத்தங்களைச் சுற்றிப் பாருங்கள், எத்தனை பேர் வண்டிக்குள்ளேயே தூங்குகிறார்கள் என்று தெரியும். ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. உறைபனி இரவுகளில் அதைத் திறந்து வைத்து, பாயும் கம்பளியும் சுடுதண்ணீரும் கொடுத்தால் இவர்களும் தனியாக இருக்கும் வயதானவர்களும் அங்கே படுத்துக்கொள்வார்கள்.

நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கிராம சபை, கடும் பனி தொடங்கும் முன் வருகிறது. அந்தக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் குளிர்கால ஏற்பாடு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எல்லா ஊராட்சிக்கும் கடிதம் அனுப்புங்கள். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு, பள்ளத்து வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களின் பட்டியலை நான் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உதகை வட்டத்திலிருந்து,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்