பழைய லை

திருவல்லிக்கேணி, சென்னை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி நலம்.

போன வாரம் நான் வேலை பார்த்த அச்சகம் மூடிய கதை வந்தபோது, "தக்கன பிழைக்கும், அப்பா" என்றாய். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அது முதலில் டார்வின் சொன்னதல்ல, 1864இல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி சொன்னது. அது உனக்கும் தெரியும். எதற்குத் தக்கது என்பதுதான் என் கேள்வி.

புள்ளியை எடுத்துக்கொள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்கிறது தொல்காப்பியம். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடு எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். படிப்பவர் பாடு திண்டாட்டம். ஈயத்தில் வார்த்த அச்செழுத்துக்கு அந்தப் பயம் இல்லை. அச்சோடு புள்ளி திரும்பி வந்துவிட்டது. புள்ளி மாறவே இல்லை, கயல். அது உட்காரும் இடம்தான் மாறியது.

கிளைகள் பிரிந்துகொண்டே போகும் மரமாகத்தான் பரிணாமத்தை நான் படித்தேன். எங்கள் அச்சகத்து எழுத்துப் பெட்டியிலோ கிரந்தத்திலிருந்து வந்த ஜ, ஷ, ஸ எல்லாம் தமிழ் எழுத்துகளோடு குடியிருந்தன. பண்பாட்டில்தான் இப்படிக் கலக்கும் என்று நினைத்திருந்தேன். உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் எழுதியதை நீ சொன்ன பிறகுதான், நம் செல்லுக்குள் இருந்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா என்று தெரிந்தது. உயிரிலும் ஒட்டுக்குடித்தனம்! அதுவும் உனக்கு அம்மா வழியாக வந்ததாம். என் பங்கு அதில் ஒன்றுமில்லை.

நாசாவின் எஸ்டி5 செயற்கைக்கோள்களில் 2006இல் பறந்த ஆன்டெனாவின் படத்தைக் காட்டினாயே, கசக்கிப்போட்ட கம்பிபோல. கணினி பல வடிவங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, தேறாததைக் கழித்து உருவாக்கியது என்றாய். ஆனால் எது தேறும் என்று மதிப்பெண் போடும் விதியை எழுதியவர் மனிதர். 1978இல் எங்களுக்கும் அப்படித்தான். பெரியார் 1935 முதலே தம் இதழில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஆணையாக்கியது. னை, லை, ணா, றா என்று 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் போயின. பெட்டியில் இருந்தவற்றை உருக்கி ஈயமாக்கினோம். நல்ல மாற்றம்தான், பெட்டியில் அறைகளும் குறைந்தன. ஆனாலும் ஆணை போட்டுக் கழித்ததைத் தோற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கையெழுத்தில் மட்டும் தும்பிக்கை போட்ட அந்தப் பழைய லை வாலெலும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்திலும் பார்த்திருப்பாய். பேரன் என்ன எழுத்து என்று கேட்டால் யானை என்று சொல்லி வை. உருக்காமல் ஒளித்துவைத்த ஒரு பழைய லை அச்சை ஊறுகாய்ப் பார்சலில் வைத்திருக்கிறேன். மை வைத்துக் காகிதத்தில் அழுத்திக் காட்டு.

அன்புடன்,
அப்பா