பிஸ்கட் டின்னில் இருந்த கடிதம்

எங்கள் குடும்பத்துக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம்.

என் தாத்தா இலங்கையின் தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்கார துரையின் பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போன சின்னதுரை, அதாவது துரைக்கு அடுத்த அதிகாரி, 1941 ஆகஸ்டில் அவருக்கு எழுதிய கடிதத்தைக் கடைசிவரை பிஸ்கட் டின்னில் வைத்துக் காத்தார். தாத்தா இறந்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. எழுத்து ஆங்கிலம், ஆனால் ஆங்கிலம் படித்தவர்களுக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. கொழும்பில் ஓரிடத்தில், "இது எந்த மொழியும் இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அன்று பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த லய வீட்டுத் தம்பி, முதல் நன்றி உனக்குத்தான். நீ எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாய். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா, மாவுக் கையோடு ஓடி வந்து, "அது தமிழ்தானே!" என்றார். அந்தக் காலத்துத் துரைமார் வேலைக்காகத் தமிழ் பழகியவர்கள். சின்னதுரை, தான் பேசிய தோட்டத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார்.

ஊர்ப் பெயர் கடிதத்தில் இல்லை. மூன்று பக்கம் எதிரி, ஒரு பக்கம் கடல், இரவில்தான் கப்பல் வரும் என்ற வரிகளையும் திகதியையும் வைத்து, அது லிபியாவின் டோப்ருக் துறைமுகம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் வரலாற்று ஆசிரியர். 1941 ஏப்ரலில் ஜெர்மன் தளபதி ரோமலின் படைகள் சூழ்ந்த அந்த ஊர் 241 நாள் முற்றுகையில் கிடந்ததாம். அவுஸ்திரேலியர், பிரித்தானியரோடு இந்தியாவின் 18ஆம் குதிரைப்படையும் உள்ளே நின்றதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஐயா, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்காகக் கொடுத்தீர்கள். மறக்க மாட்டோம்.

மடிப்பில் இற்றுப்போன தாளைப் பொறுமையாக ஒட்டித் தந்த நூலகத்து அக்காவுக்கும் நன்றி.

கடிதத்தில் யுத்தம் கொஞ்சம்தான். ஐந்தாம் நம்பர் மலையில் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடி வெட்டு, முடிந்ததா என்று கேட்டிருக்கிறார். அங்கே தண்ணீர் உப்பு, தேத்தண்ணியும் உப்பு என்கிறார். கடைசியில், "நீங்க சுகமா?" என்ற ஒரு வரி. அதில் அம்மா நின்றுவிட்டார். துரைமார் தமிழ் ஏவல் தமிழ்: வா, போ, எடு. பங்களாவில் தாத்தாவை யாரும் 'நீங்க' என்று அழைத்து அம்மா கேட்டதே இல்லை. தாத்தா அந்தத் தாளை ஏன் அப்படிக் காத்தார் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

அதன் பிறகு கடிதம் எதுவும் வரவில்லை.

தம்பி, அந்த வரியை இன்னொரு தடவை உன் வாயால் கேட்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. அம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து வைப்பதாகச் சொல்கிறார்.

நன்றியுடன்,
அப்புவின் பேத்தி
தலவாக்கலை